ஆறு பார்த்துற்ற அச்சம்: கூதிர்க்காலமும் மிதிவண்டியும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர். மேலை நாட்டார் குளிர்காலம் என்று ஒரே சொல்லால் சுட்டும் காலம் நமக்கு இவ்வாறு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முன்னதில் மழையும் வாடையும், பின்னதில் பனியும் ஆட்சி செய்கின்றன. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். 1905ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த அளவு பதிவாயிற்று. வழக்கமான மார்கழி விடியலில் 20 பாகைக்கு வெகு கீழே வெப்பம் இறங்குவது அரிது. ஆனால் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழி நடுப்பகுதிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எனவே சென்னைவாசிக்குக் குளிர்காலம் என்பது தண்ணீர்க்காலமே ஆகும்.

இத்தண்ணீர்க்காலத்தில் மிதிவண்டியேறிப் பணிக்குச் செல்வோரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். அவர்களுள்ளும் நாற்பதையும் ஐம்பதையும் கடந்து மூப்பை நோக்கி மிதிப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இங்கு முதன்மையாக எண்ணப்படுகின்றனர். பொருள் சிறிதாகத் தோன்றலாம். எனினும் நம் இலக்கிய மரபின் மிகப் பழைய அமைப்பொன்று கடந்த முப்பதாண்டுகளில் தலைகீழாக மாறியிருப்பதை இச்சிறு பொருளினூடே காண முடிகிறது. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இதனை எழுத முற்பட்டதற்கு அதுவே காரணம்.

இல்லிருந்தவளும் வழிவந்தவனும்

தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் மாலையையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் பொழுதாக வகுத்தார். முன்பனியும் குறிஞ்சிக்கு உரியதே என்றார். எய்துதற்கு அரிய பொழுதில் எய்துவதே இன்பத்தை மிகுவிக்கும் என்பது இப்பகுப்பின் உட்கிடை. மழை பெய்யும் இருண்ட யாமத்தில் தலைவன் மலைவழியே வருகிறான். தலைவி இல்லத்துள் இருந்து அவன் வரும் வழியை எண்ணி நடுங்குகிறாள். யானையும் பாம்பும் பெருக்கெடுத்த நீரும் அவள் நெஞ்சில் தோன்றுகின்றன. இந்நடுக்கத்திற்கு அகப்பொருள் மரபு ‘ஆறு பார்த்துற்ற அச்சம்’ என்று பெயரிட்டது. ஆறு என்பது இங்கே வழி. வழியைப் பார்த்து அஞ்சுபவள் பெண். அவ்வழியில் நடப்பவன் ஆண்.

கூதிரைப் பாடிய பத்துப்பாட்டு நூல் நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய இப்பாட்டு 188 அடிகளில் அமைந்தது. அதன் தொடக்கத்தில் தாழ்நிலத்தில் நீர் பெருகியதால் ஆயர் தம் ஆநிரைகளை வேறு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். நடுவே அரண்மனைக் கட்டிலில் அரசி துயிலின்றிக் கிடக்கிறாள். முடிவில் நள்ளிரவில் மழைத்துவலை வீச, பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான் அரசன். வாடைக்காற்று இருவரையும் தீண்டுகிறது. ஆயினும் அவள் கூரைக்குக் கீழே இருக்கிறாள். அவன் வெளியே பணியில் இருக்கிறான். கூதிரில் வேலைக்குப் போதல் ஆணின் செயல், காத்திருத்தல் பெண்ணின் செயல் என்னும் அமைப்பு இப்பாட்டில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது எண்ணத்தக்கது.

வாழ்க்கையில் இது முழு உண்மையாக என்றுமே இருந்ததில்லை. உப்பு விற்ற உமணப் பெண்டிரையும் மீனும் மோரும் விற்ற மகளிரையும் சங்கப் பாடல்களே காட்டுகின்றன. உழைக்கும் பெண் எந்தப் பருவத்திலும் வெளியே சென்றாள். ஆனால் நடந்து சென்றாள், அல்லது வண்டியில் பிறர் ஓட்ட அமர்ந்து சென்றாள். தன் விருப்பப்படி தானே செலுத்தும் ஊர்தி அவள் கைக்கு வரவில்லை. அது வருவதற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அவள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

சக்கரம் வந்த வழி

மிதிவண்டியின் முன்னோடியே ஒரு குளிரின் பிள்ளை என்று சிலர் கருதுவர். 1815இல் இந்தோனேசியத் தீவுகளில் உள்ள தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானை மறைத்தது. மறு ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர்கள் பொய்த்தன, குதிரைத் தீவனம் அரிதாயிற்று. அதற்கடுத்த 1817இல் செர்மானிய நாட்டு மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்திச் செலுத்தும் இருசக்கர மர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். குதிரை இல்லாக் குறையே அதற்குத் தூண்டுதல் என்பது ஒரு சாராரின் கருத்து. அதனை ஐயுறுவாரும் உளர். 1860களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்திற்கு மிதிகட்டை வந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் உடைய வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைத் தந்தார். இன்று நாம் ஏறிச் செல்லும் வண்டியின் வடிவம் அத்துடன் நிறைவெய்திற்று.

இந்தியாவிற்கு இது இறக்குமதிப் பொருளாகவே வந்தது. முதலில் வெள்ளை அதிகாரிகள், பின்பு எழுத்தர்கள், ஆசிரியர்கள், அஞ்சற்காரர்கள் என்று அது படிப்படியாக இறங்கி வந்தது. விடுதலைக்குப்பின் நாட்டிலேயே பெருமளவில் செய்யத் தலைப்பட்டனர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனமொன்றின் கூட்டுடன் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய பெயர்களைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. அட்லஸ் 1951இல் சோனிபட்டிலும், ஹீரோ 1956இல் லூதியானாவிலும் தோன்றின. அதன்பின் மிதிவண்டி உழைப்பாளியின் உடைமை ஆயிற்று.

அக்காலத்து வழக்கங்கள் பலவற்றை இன்றைய இளைஞர் அறியார். நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு ஆண்டு வரி வாங்கித் தகட்டு வில்லை கொடுத்தன. விளக்கின்றி இரவில் சென்றாலும், இருவர் ஏறிச் சென்றாலும் காவலர் பிடித்து நிறுத்துவர். சொந்த வண்டி இல்லாத சிறுவர்க்கு வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. உயரம் எட்டாத பிள்ளைகள் வண்டியின் முக்கோணச் சட்டத்துக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றனர். ஆனால் கற்றவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே. நகரப் பள்ளிகளுக்குச் செல்லும் பெண்கள் சிலர் குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளில் சென்றனர். ஊர்ப்புறத்துப் பெண்ணுக்கோ பின்னால் உள்ள கேரியரே இடமாக வாய்த்தது. கணவனோ தமையனோ மிதிக்க, ஒருபக்கமாக அமர்ந்து சென்றாள். அவளுக்கு வண்டி உண்டு; வழியின் மேல் ஆட்சி இல்லை.

புதுக்கோட்டை, 1992

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி தலைநகரில் நடக்கவில்லை. 1974இல் உருவான வறண்ட மாவட்டமாகிய புதுக்கோட்டையில் நடந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவு ஊட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்ற தொண்டர்களுள் பெண்கள் மிகுதி. பேருந்து வராத சிற்றூர்களுக்கு அவர்கள் செல்வது எங்ஙனம்? மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தலை இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் அளிக்க வேண்டும் என்றும் முயன்றார். மிதிவண்டி கற்க வருமாறு உடன்பிறந்தாளை அழைக்கும் பாட்டொன்றை முத்து பாஸ்கரன் இயற்ற, அது ஊர்தோறும் பாடப்பட்டது.

1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் மிதிவண்டியில் வந்தனர். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் தாம் கற்ற திறனைக் காட்டினர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். கல் உடைப்போர், வயற்கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியைகள் எல்லாரும் அவர்களுள் இருந்தனர். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ள முடிகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஏளனமும் ஏச்சும் இல்லாமல் இல்லை. ஆனால் பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. விளைபொருளைக் கூடுதலான ஊர்களில் விற்க முடிந்தது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக் கொண்டுவர முடிந்தது. இவற்றுக்கு முன் ஏளனம் நெடுநாள் நிற்கவில்லை.

இலக்கிய மாணவியாகிய எனக்கு இந்நிகழ்ச்சியில் தெரிவது வேறொன்று. புதுக்கோட்டை கிழக்குத் தமிழகத்தின் மாவட்டம். அங்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. பங்குனி வெயிலில் கற்ற பெண், அவ்வாண்டுக் கூதிரில் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போயிருக்க வேண்டும். நெடுநல்வாடை வகுத்த அமைப்பு அன்று உடைந்தது. வாடையில் வெளியே சென்றவள் அவள். அவள் வரும் வழியைப் பார்த்து வீட்டிலிருந்து அஞ்சியவன், ஒருவேளை, முதன்முறையாக அவன்.

அரசும் பின்தொடர்ந்தது. மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு 2001-02இல் விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவர்க்கும் அது விரிந்தது. என்னிடம் பயிலும் மாணவியர் பலர் அவ்வண்டியில் பள்ளி சென்றவர்களே.

இனி ஒரு கணக்குப் பார்க்கலாம். 1992இல் முப்பது வயதில் மிதிக்கக் கற்ற பெண் இன்று அறுபதைக் கடந்துவிட்டாள். 2001இல் பதினாறு வயதில் அரசு வண்டி பெற்றவள் இன்று நாற்பதைத் தொட்டிருக்கிறாள். தமிழ்நாட்டில் இவ்வளவு பெருந்தொகையாக மிதிவண்டி கற்ற பெண்களுள் மூப்பை எய்தும் முதல் தலைமுறை இதுவே. இத்தலைமுறை மிதிப்பதை நிறுத்திவிடுமா, தொடருமா? தொடர்வதற்கு எது தடை, குளிரா, வயதா, வழியா? இவ்வினாவுக்கு விடை காண ஒரு குறிப்பிட்ட ஊரை எடுத்துக்கொள்வது நலம். நான் வாழும் வேளச்சேரியை எடுத்துக்கொள்கிறேன்.

வேளச்சேரி: நீரின் ஊர்

வேளச்சேரி சென்னையின் தெற்கே, கிண்டிக் காட்டிற்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கும் இடைப்பட்ட தாழ்நிலம். தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளமையால் இதன் பழமை விளங்கும். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்நீர் பள்ளிக்கரணையில் தங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடல் சேர வேண்டும். இதுவே நிலம் எழுதிய சட்டம். ஏரியைச் சுற்றிலும் வீடுகள் எழுந்தன. சதுப்பு நிலம் குப்பையாலும் கட்டடங்களாலும் சுருங்கிற்று. எஞ்சிய பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. தரமணியிலும் அதற்கப்பாலும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. ஏரிக்கரைச் சிற்றூர் இருபதாண்டுகளுக்குள் மாநகரின் நெரிசல் மிக்க பகுதிகளுள் ஒன்றாயிற்று.

நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் எனப் பதிவாயிற்று. வேளச்சேரித் தெருக்களில் படகுகள் சென்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது அதே காட்சி திரும்பிற்று. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் மக்கள் தம் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். இச்செய்தியை நாளிதழில் கண்டோர் வியந்தனர். நெடுநல்வாடை பயின்றவர்க்கு வியப்பில்லை. தாழ்நிலத்தில் நீர் பெருக, ஆயர் ஆநிரையை வேற்றுப்புலத்திற்கு ஓட்டிய செயலே அது. ஆநிரைக்கு மாற்றாகக் கார். மேட்டுநிலத்திற்கு மாற்றாக மேம்பாலம்.

இதற்கு முற்பட்ட பல சிறிய கூதிர்களிலும் இவ்வூரின் மிதிவண்டிகள் எங்கும் அடைக்கலம் புகவில்லை; மாடிப்படியின் முதல் திருப்பத்தில் தூக்கிச் சாத்தப்பட்டன; மறுநாள் விடியுமுன் இறக்கப்பட்டன. ஏனெனில் அவற்றின் உடைமையாளர்க்கு விடுமுறை இல்லை. செய்தித்தாள் போடுவோர், தேநீர்க் கேனைக் கேரியரில் கட்டிச் செல்வோர், அடுக்குமாடிகளின் இரவுக் காவலர், கட்டட வேலைக்குச் செல்வோர் ஆகியோரே இன்று வேளச்சேரியின் மழைக்கால மிதிவண்டிக்காரர்கள். அவர்களுள் நரைத்த தலைகளே மிகுதி. இளையவன் தவணையில் ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறான்; முதியவனுக்குத் தவணை கிடைப்பதில்லை.

எங்கள் தெருவில் காவல் புரியும் முதியவர் ஒருவர் பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் மிதித்து வருகிறார். தெருவில் நீர் தேங்கினால் அவர் ஏறுவதில்லை. இறங்கித் தள்ளியே வருகிறார். முன்சக்கரம் அவருக்குக் கைத்தடி. சக்கரம் திடீரென இறங்கினால் அங்கே குழி, இடித்து நின்றால் கல், வழுக்கினால் சேறு. கால் வைக்குமுன் சக்கரத்தை வைத்து வழி அறிவது அவர் நெடுநாள் கற்ற கல்வி. ‘ஆறு பார்த்தல்’ என்ற தொடருக்கு இதனினும் நேரான பொருளை நான் எந்த உரையிலும் கண்டதில்லை. வேளச்சேரியின் கூதிரில் ஆறு என்பது வழியும் ஆகும். பெருக்கெடுத்த நீரும் ஆகும்.

மூப்பும் மிதியும்

நானும் பல ஆண்டுகளாக வேளச்சேரியிலிருந்து கிண்டிப் பக்கம் உள்ள கல்லூரிக்கு மிதிவண்டியில் சென்று வருகிறேன். காலையில் வடக்கு நோக்கிச் செல்வதால் வாடை நேர்முகமாக எதிர்க்கிறது; மாலையில் அதே காற்று முதுகைத் தாங்கி வீடு சேர்க்கிறது. நெகிழிப் பையில் சுற்றிய மாற்றுப் புடவை ஒன்று ஐப்பசி முதல் மார்கழி வரை கேரியரை விட்டு இறங்குவதில்லை. முப்பது வயதில் இப்பயணத்தில் நான் கருதாதவை பல இப்போது கருதத்தக்கன ஆயின. மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி நின்றால் குழி தெரிவதில்லை. டிசம்பரில் மாலை ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் கதிரவன் மறைகிறான். எதிரே வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்கிறது. நனைந்த இரும்பு விளிம்பில் பிரேக்கின் ரப்பர்க் கட்டை உடனே பிடிப்பதில்லை. ஆதலின் நிற்க வேண்டிய இடத்திற்குப் பல அடி முன்னரே பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழுதலின் விலை கூடிவிட்டது. மாதவிடாய் நின்ற பின் பெண்ணின் எலும்பு அடர்த்தி குறைவது மருத்துவம் அறிந்த செய்தி. இருபது வயதில் முழங்கைச் சிராய்ப்பாக முடிவது, ஐம்பதில் மணிக்கட்டு முறிவாக முடியும்.

எனினும் வயது தானே தடையாவதில்லை. அமெரிக்க நாட்டில் பெண்கள் உரிமைக்கும் மதுவிலக்குக்கும் உழைத்த பிரான்செஸ் வில்லார்ட் தம் 53ஆம் வயதில் மிதிவண்டி கற்றார். அப்பட்டறிவை 1895இல் ஒரு நூலாகவே எழுதினார். அதே 1895இல் தம் இளைய மகனை இழந்த துயரினூடே, அறுபதைக் கடந்த தால்ஸ்தாய் மாஸ்கோவில் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 30,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரின் இறப்பு வாய்ப்பு மற்றவர்களினும் நூற்றுக்கு 28 அளவு குறைந்திருந்ததெனக் காட்டிற்று. உடலின் எடையை இருக்கை தாங்குவதால் நடையினும் மிதித்தலில் மூட்டின் மேல் ஏறும் சுமை குறைவு. மூப்பு மிதிவண்டிக்குப் பகையன்று.

குளிரும் பகையன்று. பின்லாந்து நாட்டின் வடபகுதியில் ஊலு என்றொரு நகர் உண்டு. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் அவ்வூரில் சிறுவரும் முதியோரும் குளிர்காலம் முழுவதும் மிதிவண்டியில் செல்கின்றனர். குளிர்கால மிதிவண்டிப் பயணத்திற்கென முதல் உலக மாநாடு 2013இல் அங்கேதான் கூடிற்று. அவ்வூரார் நம்மினும் உடல் வலியர் என்பது காரணமன்று. மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை உண்டு; இரவில் பெய்த பனியை விடியுமுன் அப்பாதையிலிருந்து அகற்றிவிடுகின்றனர். பனி பெய்வது இயற்கை. பாதையை ஒழுங்கு செய்வது ஆட்சி. ஊலுவில் பனிக்குச் செய்வதை வேளச்சேரியில் நீருக்குச் செய்ய வேண்டும் என்பதே வேறுபாடு.

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முதன்மை தரும் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்து நிதியில் நூற்றுக்கு 60 பங்கினை இவர்களுக்கே ஒதுக்குதல் வேண்டும் என்பது அதன் கூறு. அக்கொள்கை தாளில் உயர்ந்தது. வேளச்சேரியின் மிதிவண்டிக்காரர் இன்னும் பேருந்துக்கும் நிறுத்திய கார்களுக்கும் இடைப்பட்ட ஒரு முழ அகலத்தில்தான் செல்கின்றனர். மழை பெய்தால் அந்த ஒரு முழமும் நீருக்குள் மறைகிறது.

இதற்கிடையே பெண்களுக்கு வேறு வழிகள் திறந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணிபுரியும் மகளிர் ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதி, 25,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம் தரும் திட்டம் 2018இல் தொடங்கிற்று. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்றாயிற்று. கூலி வேலைக்குச் செல்லும் மூத்த பெண்ணுக்கு மழைநாளில் கட்டணமில்லாப் பேருந்து பெரும்பேறு. அதில் ஏறுபவளை நான் குறை கூறேன். மழை வலுக்கும் நாளில் நானும் அதில் ஏறுகிறேன். ஆனால் விரும்பி இறங்குவது வேறு, இறக்கிவிடப்படுவது வேறு. பேருந்து நிற்கும் இடத்திற்குத்தான் அவளைக் கொண்டு செல்லும். அது வரும் நேரத்திற்குத்தான் அவள் புறப்பட முடியும். 1992இல் பெண் பெற்றது சக்கரங்களை மட்டுமன்று. எப்போது புறப்படுவது, எவ்வழியே செல்வது என்று தானே முடிவு செய்யும் உரிமையையும் பெற்றாள். வழி கெட்டதனால் அவள் அவ்வுரிமையைக் கைவிட நேர்ந்தால், வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லும். உண்மையில் பழுதானது வழியே.

நிறைவாக

மேற்கண்ட செய்திகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. கூதிரில் வெளியே செல்பவன் ஆண், இல்லிருந்து அஞ்சுபவள் பெண் என்னும் பழைய அமைப்பு 1992இல் புதுக்கோட்டையில் கண்கூடாக மாறிற்று. அம்மாற்றத்தின் கருவி மிதிவண்டி. அம்மாற்றத்தை நிகழ்த்திய தலைமுறை இன்று மூப்பின் வாயிலில் நிற்கிறது; மிதிவண்டியை அவர்கள் தொடர்வதற்குத் தடை குளிரும் அன்று, வயதும் அன்று, வழியே. அவ்வழி வேளச்சேரி போன்ற தாழ்நிலங்களில் நீர் செல்லும் வழியோடு பின்னிப் பிணைந்தது. நீருக்கு அதன் ஆறு கிடைத்தாலன்றி மனிதர்க்கு அவர்தம் ஆறு கிடைக்காது.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒன்று கூற விழைகிறேன். புதுக்கவிதை பெருமழையைப் பாடியிருக்கிறது. வெள்ளத்தையும் இழப்பையும் பாடியிருக்கிறது. மழைக்கு மறுநாள், முழங்கால் நீரில் முன்சக்கரத்தை ஊன்றி வழி தேடும் நரைத்த தலைக்கு இன்னும் துறை வகுக்கப்படவில்லை. அறுபது வயதில் கார்த்திகை இருட்டில் டைனமோ விளக்கின் ஒளியில் வீடு திரும்பும் பெண்ணுக்கும் துறை இல்லை. பழைய பெயர் ஒன்று கைவசம் இருக்கிறது: ஆறு பார்த்துற்ற அச்சம். அச்சம் அதுவேதான், அஞ்சுகிறவளே இப்போது வழியிலும் செல்கிறாள் என்பதே புதிது. அத்துறையில் பாட்டு எழுந்தால் அடுத்த பத்தாண்டு மலரில் அதனை முதலாவதாக வைக்கலாம். வழியைச் செப்பனிடும் கடமை மட்டும் கவிஞர்க்கு உரியதன்று. அது வரி வாங்குவோர்க்கு உரியது. அதனை அவர்களுக்கு ஒவ்வொரு கூதிரிலும் நினைவூட்டல் நம் எல்லார்க்கும் உரியது.